மாப்பிள்ளையின் அறுபத்தொன்று

அமெரிக்காவில் சென்டிமீட்டர் கிடையாது என்று நான் நம்பியிருந்தேன். கங்காரு ஆஸ்திரேலியாவில் மட்டும் இருப்பதைப் போல, சென்டிமீட்டர் அத்திலாந்திக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் மட்டும் வாழும் ஒரு பிராணி. அந்தக் கரையில் கொண்டுபோய் விட்டால் செத்துப்போகும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்து, நானே நம்பி, கலியாண வீடுகளில் கையில் வடைத் தட்டோடு நின்று மற்றவர்களுக்கும் விளக்கியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வடை சாப்பிடும்போது எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

அளவு விஷயத்தில் நான் லேசுப்பட்ட ஆளில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டடச் சாமான் விற்கும் ஒரு யார்டில், கவுன்டருக்குப் பின்னால் நிற்பது என் தொழில். காலையில் வேலைக்காரர்கள் வந்து, "மூன்று மீட்டரில் எட்டு ஃபோர்-பை-டூ தா" என்பார்கள். நீளம் மீட்டரில், தடிப்பு அங்குலத்தில், நாலுக்கு இரண்டு. ஒரே மரக்கட்டைக்கு இரண்டு நாட்டுக் குடியுரிமை. லண்டனில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. வீட்டுக்குப் போனால் இன்னும் மோசம். எங்கள் வீட்டில் அரிசிக்குச் சுண்டுதான் கணக்கு. அந்தச் சுண்டு ஒரு பழைய பால் டின் பேணி. பால் பைன்டில் வரும், பெட்ரோல் லீட்டரில் போகும், பாதை மைலில் நீளும். என் மனைவி தன் எடையை ஸ்டோனில் சொல்வாள், என் எடையைக் கிலோவில் சொல்வாள். ஸ்டோனில் எண் சின்னது, கிலோவில் பெரியது. இப்படி நாலு பக்கத்தாலும் கலந்து கிடக்கிற வீட்டிலிருந்துகொண்டு, அமெரிக்கர்கள் மட்டும் கலப்படமில்லாத அங்குலக்காரர்கள் என்று எப்படி நினைத்தேன் என்று கேட்காதீர்கள். நினைத்தேன்.

எங்கள் ஒரே மகள் வேலை நிமித்தம் அமெரிக்கா போய், இரண்டு வருடம் இருந்து, வேலை முடிந்து திரும்பும்போது ஒரு கலியாண முடிவோடு வந்தாள். பொடியன் யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு அங்கேயே பிறந்தவர். நல்ல பிள்ளை. வீடியோவில் கதைத்தோம். சிரித்த முகம், மரியாதையான பேச்சு, வளைந்த மூக்கு. நேரில் போய்ப் பார்க்க வெளிக்கிட்ட போதெல்லாம் ஏதோவொன்று குறுக்கே வந்தது. கடைசியாக வந்தது என் முதுகு. ஆகவே கலியாணக் கிழமைவரை மாப்பிள்ளையை நான் நெஞ்சுக்கு மேலே மட்டும்தான் அறிவேன். அதற்குக் கீழே அவர் எனக்குத் தெரியாத தேசம்.

கலியாணம் லண்டனில் என்று தீர்மானமாயிற்று. வேலைகளைப் பிரித்தபோது என் மனைவி மண்டபம், ஐயர், சாப்பாடு, பூ என்று எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஒரே ஒரு வேலை. மாப்பிள்ளைக்குத் தலைப்பா."

"அவ்வளவுதானோ?"

"அதையெண்டாலும் பகிடி விடாமல் செய்யுங்கோ. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒண்டுதான்."

அது உண்மை. மகளுக்கு நகையிலும் ஆசையில்லை, சேலையிலும் பெரிய ஆசையில்லை. ஆனால் தன் மாப்பிள்ளை எங்கள் வழக்கப்படி தலைப்பாகையோடு மணவறையில் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். அவருக்கோ தலைப்பா என்றால் கூச்சமாம். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள். "பொருந்தாமல் கோமாளி மாதிரி இருந்தால் கழட்டிடுவன் எண்டு சொல்லியிருக்கிறார், அப்பா," என்று என்னை எச்சரித்தும் இருந்தாள்.

இந்தக் காலத்தில் தலைப்பாவை யாரும் தலையில் வைத்துக் கட்டுவதில்லை. தொப்பி போலத் தைத்து, கல்லும் குஞ்சமும் வைத்துக் கடையில் விற்கிறார்கள். தலையளவு சொன்னால் போதும். மாப்பிள்ளைக்குப் போனில் எழுதினேன்: தம்பி, தலைப்பாவுக்கு உங்கட அளவு அனுப்புங்கோ. பதில் உடனே வந்தது. 61. அவ்வளவுதான். என்ன அலகு என்று இல்லை, ஒரு சிரிக்கிற பொம்மைகூட இல்லை.

நான் கவுன்டர்காரன். கணக்குப் போட்டேன். அமெரிக்கர், ஆகவே அங்குலம். அறுபத்தொரு அங்குலச் சுற்றளவுள்ள தலை உலகத்தில் இல்லை. இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க இரண்டு தோழன்மார் வேண்டும். ஆகவே இது தலையளவு இல்லை. உடுப்புக் கடையில் வேறென்ன அளவு கேட்பார்கள்? உயரம்! பாவம் பிள்ளை, தலைப்பா வாங்கிப் பழக்கமில்லாததால் உயரத்தை அனுப்பிவிட்டார். அறுபத்தொன்றைப் பன்னிரண்டால் பிரித்தேன்.

ஐந்தடி ஒரு அங்குலம்.

யார்டின் பின்பக்கத்தில், சீமெந்து மூட்டைகளுக்கு நடுவில் போய்க் குந்தி இருந்துவிட்டேன்.

ஏன் அப்படி இடிந்துபோனேன் என்பதற்கு என் சொந்தக் கலியாணத்தைச் சொல்ல வேண்டும். நான் ஐந்தடி நாலு. என் மனைவி ஐந்தடி எட்டு. முப்பது வருடத்துக்கு முன்னால், லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மண்டபத்தில், மாலை மாற்றும் நேரம் வந்தது. அவளுடைய கொண்டை, கொண்டைக்கு மேல் பூ, பூவுக்கு மேல் ஏதோ நகை. எட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. பாய்ந்தேன். பட்டு வேட்டியோடு, தலைப்பாவோடு, ஒரு பாய்ச்சல். மாலை அவளுடைய ஒரு காதில் போய்த் தொங்கியது. மண்டபம் முழுக்கச் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இன்றைக்கும் ஒரு கலியாண வீட்டில் யாராவது ஒருவர் என் முதுகில் தட்டி, "என்ன, பாய்ஞ்சவர் எப்பிடிச் சுகம்?" என்று கேட்பார். மற்றவர்கள் பகிடி விடுவதற்கு முதல் நானே என்னைப் பற்றிப் பகிடி விட்டுவிடுவது என்ற பழக்கம் எனக்கு அந்த மேடையில் ஆரம்பித்ததுதான். அது பின்னால் நல்ல பிழைப்பாகவும் ஆகிவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் காது சூடேறியது எனக்குத்தான் தெரியும்.

மகள் என்னைவிட ஒரு அங்குலம் உயரம். ஐந்தடி ஐந்து. மாப்பிள்ளை ஐந்தடி ஒன்று. கண்ணை மூடினால் அந்தப் பிள்ளை என் மகளுக்கு முன்னால் மாலையோடு பாய்வது தெரிந்தது. முன்வரிசையில் அதே ஆட்கள், அதே சிரிப்பு, கொஞ்சம் நரைத்துப் போயிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவசரப்படக் கூடாது, சாட்சியம் தேடுவோம் என்று மகள் காட்டியிருந்த படங்களை யோசித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை சைக்கிளில் இருக்கிறார். வள்ளத்தில் இருக்கிறார். ஒரு பாறையில் குந்தி இருக்கிறார். மனுஷன் ஒரு படத்திலாவது எழும்பி நிற்கவில்லை. ஒளித்து வைக்க ஏதுமில்லாதவர் ஏன் எல்லா இடத்திலும் குந்தியிருக்க வேண்டும்?

அன்று பின்னேரம் எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டுக் குசினியில் மகள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐந்தடி ஒன்று என்று கேட்க முடியாது. கேட்டால் தேத்தண்ணி என் தலையில் வந்துவிடும். சுற்றி வளைத்துப் போனேன்.

"பிள்ளை, தம்பி தன்ர உயரத்தைப் பற்றி ஏதும் யோசிக்கிறவரோ?"

கெட்டிலை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அப்பா! ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சும்மா கேட்டனான்."

"தயவுசெய்து அதைப் பற்றி மட்டும் அவரோடை கதைக்காதேங்கோ. சின்ன வயசில இருந்து காணுற எல்லாரும் அதைத்தான் கேக்கிறது. கடையில சட்டை வாங்கேலாது. பிளைட்டில சீட் சரிவராது. ஹீ இஸ் ஸோ டயர்ட் ஆஃப் இட். உங்கட பகிடியை நினைச்சுத்தான் எனக்குப் பயமே."

சட்டை வாங்க முடியாத துன்பம் எனக்குத் தெரியாததா? நான் இன்றைக்கும் பாடசாலைப் பிள்ளைகள் பகுதியில்தான் வெள்ளைச் சட்டை வாங்குகிறேன். அங்கே வரி குறைவு என்று வெளியே சொல்லிக்கொள்வேன். பிளைட் சீட்டும் அப்படித்தான்; கால் நிலத்தில் படாது, தொங்கும். எல்லாம் பொருந்தியது. பாவம் என் மாப்பிள்ளை, பாவம், பாவம்.

அந்த இடத்திலேயே ஒரு சபதம் எடுத்தேன். என் மகளின் கலியாணத்தில் அந்தப் பிள்ளை பாயக் கூடாது. யாருக்கும் தெரியாமல், அவருக்கே தெரியாமல், நான் அவரை உயர்த்திவிடுவேன்.

முதல் வேலை தலைப்பா. ஃபாரஸ்ட் கேட்டில் கலியாணச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் போனேன்.

"தலையின்ர சுத்தளவு என்ன, அண்ணை?"

சரியான அளவு கையில் இல்லை. திரும்பக் கேட்டால் பிள்ளை புண்படும். ஆளோ என்னைவிடக் கட்டை. ஆகவே தலையும் என் தலையைவிடப் பெரிதாக இருக்காது என்று விஞ்ஞானபூர்வமாக முடிவெடுத்தேன். "என்ர தலையை அளந்து பாருங்கோ, அக்கா."

அக்கா அளந்தார். "இருபத்திரண்டு அங்குலம். மாப்பிள்ளை உங்களை மாதிரியோ?"

"அளவில மட்டும்தான். உச்சியில ஒரு நீட்டுக் குஞ்சம் வையுங்கோ. எவ்வளவு நீட்டு இருக்கோ, அவ்வளவு நீட்டு."

"மயில் மாதிரியெல்லோ இருக்கும்?"

"மயிலெண்டால் நல்லதுதானே, அக்கா. முருகன்ர வாகனம்."

அடுத்தது மணவறை. லண்டன் எட்மண்டனில் மணவறை வாடகைக்குக் கொடுக்கிறவன் என் பழைய கூட்டாளி. என் கலியாணத்தில் முன்வரிசையிலிருந்து சிரித்த கூட்டத்தில் அவனும் ஒருவன். அவனுடைய கராஜில் தூண்களும் யானைத் தும்பிக்கைகளும் வெல்வெட் சீட்டும் துணி போர்த்திக் கிடந்தன. விஷயத்தைச் சொன்னேன்.

"மச்சான், மாப்பிள்ளை இருக்கிற சீட்டுக்குக் கீழ ஒரு பலகை வைக்க வேணும். நாலு அங்குலம். ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"உன்ர கலியாணத்துக்கும் உப்பிடி ஒண்டு வைச்சிருக்கலாம். ஒலிம்பிக்ஸுக்கு ஆள் அனுப்பின மாதிரி இருந்திருக்காது."

"பலகை சீட்டுக்கு முன்னாலயும் நீட்டி நிக்கட்டும், மாலை மாத்தேக்கை அவர் அதிலயே எழும்பி நிப்பார். மேல சிவப்புத் துணி விரி."

"டேய், பொம்பிளைக்கு ஐஞ்சடி ஐஞ்சு, மாப்பிள்ளைக்கு ஐஞ்சடி ஒண்டு. உதில உனக்கென்னடா பிரச்சினை? அவை ரெண்டு பேருக்கும் சம்மதமெண்டால் சரிதானே."

"பிரச்சினை எனக்கில்லை. முன்வரிசைக்கு."

அவன் டோர்ச் பிடித்தான். யார்டிலிருந்து கொண்டுபோன ஃபோர்-பை-டூ கட்டைகளை நிமிர்த்தி வைத்து, மேலே பிளைவுட் அடித்து, ஒரு குட்டி மேடை செய்தேன். சீட்டைத் தூக்கி அதன் மேல் வைத்து, ஆடாமல் அசையாமல் இருக்க தலையில் அறுகோணக் குழியுள்ள போல்ட் போட்டு இறுக்கினேன். நான் போட்ட போல்ட்டை நானே திரும்பக் கழற்ற முடியாத அளவுக்கு இறுக்குவது என் வழக்கம். தொழில் சுத்தம்.

மாப்பிள்ளை வீட்டார் கலியாணக் கிழமை வந்து இறங்கினார்கள். ஹீத்ரோவில் நாங்கள் மூவரும் நின்றோம். கதவு திறக்கும்போதெல்லாம் என் கண்கள் கொஞ்சம் தாழ்வாகவே தேடின. தள்ளுவண்டிகளின் கைபிடி மட்டத்தில். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் "அந்தா!" என்று ஓடினாள். வண்டி ஒன்று வந்தது. அதன் பின்னால் ஒரு நீல சேர்ட். சேர்ட்டைத் தொடர்ந்து மேலே போனேன். இன்னும் மேலே போனேன். முகம் தெரிந்த முகம். அதே சிரிப்பு, அதே வளைந்த மூக்கு. அது இருந்த இடம்தான் தெரியாத இடம்.

"மாமா! ஃபைனலி!" என்று குனிந்து என்னைக் கட்டிப்பிடித்தார். என் மூக்கு அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தானில் பதிந்தது.

மனைவி என் காதில், "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்றாள்.

"உயரமாய் இருக்கிறார்."

"அதுக்கு?"

காரில் முன்சீட்டை எவ்வளவு பின்னுக்குத் தள்ளியும் மாப்பிள்ளையின் முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. பின்சீட்டிலிருந்து மகள் என்னைக் கண்ணாடியில் முறைத்துக்கொண்டு வந்தாள்: ஒரு பகிடி, ஒரேயொரு பகிடி விட்டுப் பாருங்கள் என்ற முறைப்பு. அவளுக்கு என்ன தெரியும்? எனக்குப் பகிடி வரவில்லை. எனக்கு வந்ததெல்லாம் ஒரு மயில் குஞ்சத் தலைப்பாவும் ஒரு குட்டி மேடையும்தான். அப்படியானால் அந்த அறுபத்தொன்று என்ன? எடையா? அந்த உடம்புக்கு அறுபத்தொரு கிலோ காணாது. வீட்டு இலக்கமா? தலைப்பாவுக்கு யார் வீட்டு இலக்கம் அனுப்புவார்? கேட்டால் நான் ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டி வரும். பேசாமல் காரை ஓட்டினேன். வீடு வந்ததும் முதல் வேலையாகத் தோட்டத்துக்குள் போய்க் கூட்டாளிக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், பலகையைக் கழட்டு."

"நீயெல்லோ வெல்டிங் வைச்ச மாதிரி இறுக்கினனீ. என்னட்டை அதுக்குச் சாவி இல்லை. வந்து கழட்டு."

"வாறன், வாறன்."

போகவில்லை. போக முடியவில்லை. சம்பந்தி வீட்டாருக்குச் சுற்றிக் காட்ட வேண்டும், சமைத்துப் போட வேண்டும், கடைக்குக் கூட்டிப்போக வேண்டும். மனைவி என்னைக் கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே வைத்திருந்தாள். நழுவப் பார்த்தபோதெல்லாம் ஒரு பை அரிசியோ ஒரு பெட்டி வாழைப்பழமோ என் தோளில் ஏறியது.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மண்டபத்துக்குப் போனபோது மணவறை எழும்பி நின்றது. தூண், தும்பிக்கை, வெல்வெட், மேலே வளைந்த கூரை, கூரையிலிருந்து தொங்கும் பூச்சரங்கள். படம் பிடிக்கிற பையன், லைட் பார்க்க வேண்டும், பொம்பிளை மாப்பிள்ளை ஒருக்கால் சீட்டில வந்து இருங்கோ என்றான். நான் கூட்டாளியைப் பார்த்தேன். கூட்டாளி என்னைப் பார்த்தான். இருவரும் கூரையைப் பார்த்தோம்.

மாப்பிள்ளை சீட்டில் இருந்தார். முதலில் முகம் பூச்சரத்துக்குள் போனது. பிறகு சத்தம் கேட்டது. டொக்.

"ஆவ்," என்றார்.

சம்பந்தி ஐயா ஓடிவந்து சீட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஏன் கீழ ஒரு மேடை? ஆர் வைச்சது?"

என் கூட்டாளி நல்லவன். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என் பக்கம் தலையைத் திருப்பி, ஒரு நிமிடம் முழுதாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அதுவே போதுமாக இருந்தது.

"உங்கட வேலையோ?" என்றாள் மனைவி.

"தம்பிக்கு… கொஞ்சம் உயரம் காணாதெண்டு நினைச்சன்."

ஆறடி மூன்று அங்குல மாப்பிள்ளை மேடையில், தலையைத் தடவிக்கொண்டு, பூவிதழ்களோடு. மகள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை. ஒன்றும் விளங்காத பார்வை. கோபம் வந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"அப்பா, நீங்கள் இவரை எவ்வளவு உயரமெண்டு நினைச்சனீங்கள்?"

"ஐஞ்சடி ஒண்டு."

"வாட்?"

"தம்பிதானே எழுதினவர். அறுபத்தொண்டு எண்டு." போனை எடுத்துக் காட்டினேன். "பன்னிரண்டால பிரிச்சுப் பாருங்கோவன்."

மாப்பிள்ளை தன் தலையைத் தொட்டுக் காட்டினார். "மாமா, அது என்ர தலை. நீங்கள் தலைப்பாவுக்குத்தானே கேட்டனீங்கள்? சைக்கிள் ஹெல்மெட்டில எழுதியிருக்கிறதைப் பார்த்துச் சொன்னனான். சென்டிமீட்டர்."

"அமெரிக்காவில ஏது தம்பி சென்டிமீட்டர்?"

"ஹெல்மெட்டுக்கு இருக்கு. கேப் எண்டால் குறுக்களவு, செவன் அண்ட் ஃபைவ் எய்ட்ஸ் இஞ்ச்."

"ஒரே தலைக்கோ?"

"ஒரே தலைக்குத்தான். நான் ஓடுறது பத்துக் கிலோமீட்டர். ஆனால் ஒரு மைலுக்கு எத்தினை நிமிஷமெண்டுதான் கணக்குப் பாக்கிறனான். அதை யோசிச்சதே இல்லை."

சம்பந்தி ஐயாவும் சேர்ந்துகொண்டார். "நான் குளிசை போடுறது மில்லிகிராமில. டொக்டர் என்னை நிறுக்கிறது பவுண்ட்ஸில. சோடா வாங்கினால் ரெண்டு லீட்டர் போத்தல், பால் வாங்கினால் கலன். உங்களுக்கு உது தெரியாதோ?"

"ஒரு சென்டிமீட்டர்கூட அங்க இல்லையெண்டு என்ர மனிசன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர், அண்ணை," என்றாள் மனைவி. "வடை கிடைக்கிற இடமெல்லாம் போய்ச் சொன்னவர்."

"சரி, மாமா," என்று மாப்பிள்ளை விடவில்லை. "நான் ஐஞ்சடி ஒண்டெண்டே வைப்பம். அதுக்கு ஏன் பலகை?"

இந்த இடத்தில் நான் வழக்கமாக ஒரு பகிடி விடுவேன். வாயைத் திறந்தேன், வரவில்லை. ஆகவே நடந்ததைச் சொன்னேன். மாலை, கொண்டை, பாய்ச்சல், ஒற்றைக் காது. முப்பது வருடமாக நான் எல்லோருக்கும் நடித்துக் காட்டிய கதைதான். இந்த முறை நடிக்காமல் சொன்னேன். "நீங்களும் அப்பிடி நிக்க வேண்டாமெண்டு நினைச்சன், தம்பி. அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. மனைவி என் தோளில் ஒட்டியிருந்த பூவிதழைத் தட்டிவிட்டாள்.

பிறகு மாப்பிள்ளைதான் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சீட், பிறகு நான் இறுக்கிய மேடையே குலுங்கியது. "மாமா, சின்ன வயசில இருந்து எல்லாரும் என்னைக் கேக்கிறது ஒண்டுதான். மேல குளிருதோ, பாஸ்கெட்போல் விளையாடுறனியோ எண்டு. என்னைக் கட்டையெண்டு கவலைப்பட்ட முதல் ஆள் நீங்கள்தான். ஐ லவ் இட்."

கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவிக் கொத்தை எடுத்தார். சைக்கிளுக்கு வைத்திருக்கும், விரித்தால் விசிறி போல வருகிற சாமான். கீழே குனிந்து போல்ட்டைப் பார்த்தார்.

"அஞ்சு மில்லிமீட்டர்," என்றார்.

"உங்கட நாட்டுச் சாவி இதுக்குச் சரிவருமோ?"

"சைக்கிள் முழுக்க மில்லிமீட்டர்தான், மாமா. டயர் மட்டும் சில நேரம் இஞ்ச்."

நானும் அவருமாக மேடையில் குப்புறப் படுத்துக் கழற்றினோம். நான் இறுக்கிய இறுக்கலுக்கு அவர் இரண்டு தரம் கெட்ட வார்த்தை சொன்னார். ஆங்கிலத்தில்தான். பரவாயில்லை.

மறுநாள் காலையில் தலைப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். இருபத்திரண்டு அங்குலத்தை அறுபத்தொரு சென்டிமீட்டரில் வைத்தபோது, அது உச்சியில் போய்ப் பறவைக்கூடு போல உட்கார்ந்தது. குஞ்சம் ஆடியது. மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். கூச்சம் உள்ள பிள்ளை, பொருந்தாவிட்டால் கழற்றுவேன் என்று முதலே சொன்ன பிள்ளை. மகளின் ஒரே ஆசை என் கைத்தவறில் போகப்போகிறது. எனக்குக் கொடுக்கப்பட்ட ஒரே ஒரு வேலை.

"இன்னும் எவ்வளவு காணாது?" என்று கேட்டார்.

"ரெண்டு அங்குலம்," என்றேன்.

"அஞ்சு சென்டிமீட்டர்," என்றார் அவர். அமெரிக்கர் எனக்குச் சென்டிமீட்டரில் திருத்தம் சொன்னார். "பின்பக்கத்தை வெட்டுங்கோ, மாமா. படம் எல்லாம் முன்னால இருந்துதானே எடுக்கிறது."

கத்தரிக்கோலை எடுத்துப் பின்தையலைப் பிரித்தேன். மனைவி உள்ளே ஒரு துண்டுப் பட்டு வைத்து, பாதுகாப்பு ஊசிகளால் குத்தினாள். குஞ்சத்தில் முக்கால்வாசியை நான் நறுக்கினேன். முன்னாலிருந்து பார்த்தால் ராஜா. பின்னாலிருந்து பார்த்தால் தையல் கடை.

"ஒண்டு மட்டும், தம்பி," என்றாள் மனைவி. "குனிஞ்சிடாதேங்கோ. குனிஞ்சால் ஊசியெல்லாம் கழண்டு விழும்."

நல்ல நேரத்துக்குத் தாலி கட்டியாயிற்று. சீட்டில் இருந்தபடி கட்டியதால் குனியத் தேவைப்படவில்லை. மாலை மாற்றும் நேரம் வந்தது. இருவரும் எழும்பி நின்றார்கள். மாப்பிள்ளை தன் மாலையைப் போட்டார். அவருக்கென்ன, அலுமாரியிலிருந்து சாமான் இறக்குவது போல. பிறகு மகள் மாலையைத் தூக்கினாள். ஆறடி மூன்று, அதற்கு மேல் தலைப்பா, அதற்கு மேல் மிச்சக் குஞ்சம். எட்டவில்லை. நுனிக்காலில் நின்றாள். எட்டவில்லை. மாப்பிள்ளை தன்னையறியாமல் தலையைத் தாழ்த்தினார், பின்னால் ஒரு ஊசி கழன்று என் காலடியில் விழுந்தது, சட்டென்று நிமிர்ந்துவிட்டார். முன்வரிசையில் யாரோ கனைத்தார்கள். என் காது சூடேறத் தொடங்கியது.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டேய்!" என்று தூணுக்குப் பின்னால் நின்ற கூட்டாளியைப் பார்த்துக் கத்தினேன். "பலகை!"

கழற்றிய மேடை அங்கேதான் சாத்திக் கிடந்தது. அவன் அதை இழுத்துக்கொண்டு வந்து என் மகளின் காலடியில் போட்டான். சிவப்புத் துணி விரிக்க நேரமில்லை; ஃபோர்-பை-டூவில் எங்கள் யார்டில் நீலச் சோக்கட்டியால் போட்ட அளவுக் கோடு அப்படியே தெரிந்தது. மகள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் ஏறி நின்று, மாலையைத் தலைப்பாவுக்கு மேலால் போட்டு, இறங்கினாள்.